கனிவளமும் இரு அரசுகளும்

இரும்புத்தாதுவும் நிலக்கரியும் விளையும் நாட்டில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், நம் காலடியில் புதைந்து கிடப்பது யாருடைய சொத்து என்பதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்டு மாறுகிறது. தாது ஏற்றிய கூட்ஸ் வண்டிகள் இரவு பகலாக ஓடிய வண்ணம் இருக்கின்றன. அந்தத் தாதுவின் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கணக்கு உண்டு. தோண்டுவதற்குக் குத்தகை கொடுப்பது மாநில அரசு. எவ்வாறு தோண்ட வேண்டும் என்று விதி வகுப்பது மத்திய அரசு. டன்னுக்கு இவ்வளவு ராயல்டி என்று நிர்ணயிப்பது டில்லி. அதை வாங்கிக் கஜானாவில் சேர்ப்பது மாநிலத் தலைநகர். இவ்விரு அரசுகளுக்கும் இடையே, கனியின்மீது யாருடைய கை ஓங்கியிருக்க வேண்டும் என்பது பற்றி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடந்தது. அந்த வழக்கின் வரலாற்றை நம் குடியிருப்பு அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி, இங்கு எழுதத் துணிந்தோம்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம், அதன் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்களை வகுத்தது. முதற் பட்டியலில் 97 இனங்கள். அவை பாராளுமன்றத்துக்கு உரியவை. இரண்டாவதில் 66, அவை மாநிலச் சட்டசபைக்கு உரியவை. மூன்றாவதில் 47, அவற்றில் இருவரும் சட்டம் இயற்றலாம். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் நம் குழந்தைகள் மனப்பாடம் செய்வது இவ்வளவே. இந்தப் பட்டியல்கள் மூன்றும் சுவர் வைத்துப் பிரித்த மூன்று அறைகள் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அறைக்கு அறை கதவுகள் உண்டு. கதவைத் திறக்கும் உரிமை பெரும்பாலும் ஒருவரிடமே உண்டு.

பொதுப் பட்டியலாகிய மூன்றாவதில் இரு சட்டங்கள் முரண்பட்டால் என் செய்வது என்பதற்கு 254-ஆவது ஷரத்து விடை கூறுகிறது. மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் முரண்பட்ட அளவுக்கு வீழும். ஆயினும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றிருக்குமாயின், அந்த மாநிலத்துக்குள் அது நிலைக்கும். நம் ஊர் ஜல்லிக்கட்டே இதற்கு நல்ல சான்று. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் செல்லாதது ஆக்கிற்று. 2017-இல் தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்துக்கே தன் மாநில அளவில் ஒரு திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் இசைவையும் பெற்றது. 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதைச் செல்லும் என்றனர்.

கனிப்பொருள் விஷயத்தில் இத்தகைய மாற்றுவழி கிடையாது. சுரங்கங்களை ஒழுங்குபடுத்துவதும் கனிகளை வளர்ச்சி செய்வதும் இரண்டாம் பட்டியலின் 23-ஆவது இனமாக, மாநிலத்துக்கே உரியதாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் அதே வாக்கியத்தின் வாலில், முதற் பட்டியலுக்கு உட்பட்டே அந்த உரிமை என்று ஒரு முடிச்சு இருக்கிறது. முதற் பட்டியலின் 54-ஆவது இனத்தைப் புரட்டினால், பொதுநலன் கருதி மத்திய அரசின் ஆளுகைக்கு உட்படுத்துவது தக்கது என்று பாராளுமன்றம் எந்த அளவுக்குச் சட்டத்தின் வாயிலாக அறிவிக்கிறதோ, அந்த அளவுக்குச் சுரங்கமும் கனியும் மத்திய அரசைச் சேரும் என்று காணப்படுகிறது. மாநிலத்தின் உரிமை ஒரே இடத்தில் நிற்பதன்று; பாராளுமன்றம் எழுதும் ஒரு வரியினால் அது நீளவும் குறுகவும் கூடும். 'எந்த அளவுக்கு' என்னும் சொற்களின்மீதுதான் பின்னால் நடந்த வழக்குகள் அனைத்தும் எழுந்தன.

இந்த ஏற்பாடு 1950-இல் புதிதாகப் பிறந்ததன்று. நாம் குடியிருக்கும் இந்தக் கிழக்குப் பகுதியில், 1793-ஆம் ஆண்டு நிரந்தரப் பந்தோபஸ்துக்குப்பின் ஜமீன்தார்கள் நிலத்தடிக் கனிக்கும் உரிமை கொண்டாடினர். சமஸ்தானங்களில் மன்னர்களே கனிக்கு உரியவர். நில ஆராய்ச்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிரமதநாத் போஸ் என்னும் அறிஞர், மயூர்பஞ்ச் சமஸ்தானத்து மலைகளில் சிறந்த இரும்புத்தாது இருப்பதை 1904-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். 1907-இல் கம்பெனி தோன்றியது. 1912-இல் சாக்சியில் எஃகு வார்க்கப்பட்டது. அக்காலத்தில் தாதுவுக்கான ராயல்டி மயூர்பஞ்ச் மகாராஜாவுக்குச் சென்றது. சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியின் பாதுகாப்பு மட்டும், 1901-ஆம் ஆண்டின் முதற் சுரங்கச் சட்டத்திலிருந்தே இந்திய சர்க்காரின் பொறுப்பாக இருந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சர்க்காருக்குச் சொந்தமான கனிகளின் வளர்ச்சியை மாகாணங்களிடம் விட்டுச் சுரங்க ஒழுங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1935-ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் சட்டம்தான் மூன்று பட்டியல்களையும், 'அறிவிக்கும் அளவுக்கு' என்னும் உத்தியையும் முதன்முதலாகக் கொண்டுவந்தது. நம் அரசியல் நிர்ணய சபையார் அதைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டனர்.

விடுதலைக்குப்பின் 1948-இல் கனிகள் பற்றிய முதல் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. ஜமீன்தாரி ஒழிந்தது, சமஸ்தானங்கள் இணைந்தன, மயூர்பஞ்ச் 1949-இல் ஒரிஸ்ஸாவுடன் சேர்ந்தது. ஜமீன்தாரும் மன்னரும் இருந்த இடத்தில் மாநில அரசு வந்து நின்றது. நிலத்தடிப் பொருள் எங்கும் அரசுக்கே சொந்தம் என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. அது முற்றிலும் சரியன்று. முன்னாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் ஜன்ம நிலக்காரர்கள் தொடுத்த வழக்கில், நிலத்தடிக் கனி அரசையே சேரும் என்று கூறும் பொதுச் சட்டம் ஏதுமில்லை என உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. நிற்க. ஒரிஸ்ஸா, பீகார் போன்ற பகுதிகளில் பெரும்பான்மையான கனிநிலம் மாநில அரசின் உடைமை ஆயிற்று என்பதே நம் கதைக்கு வேண்டியது.

உடைமை வந்ததும் பொறுப்பும் வந்தது. சுரங்கம் தோன்றும் இடம் பெரும்பாலும் காடு; ஆதிவாசிகள் வாழும் மலைச்சரிவு. அங்கே பாதை இல்லை, குடிநீர் இல்லை, விளக்கு இல்லை. கம்பெனி தன் குடியிருப்புக்கு இவற்றையெல்லாம் செய்துகொள்கிறது. வேலிக்கு அப்பால் உள்ள கிராமத்துக்கு யார் செய்வது? இக்கேள்விக்கு விடையாகவே ஒரிஸ்ஸா அரசு 1952-இல் சுரங்கப் பகுதி வளர்ச்சி நிதிச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அதன்படி, சுரங்க வாயிலில் கனிக்குள்ள மதிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாமல் ஒரு தீர்வை வாங்கலாம். அந்தப் பணத்தைத் தனி நிதியாக வைத்து, சுரங்கப் பகுதியின் பாதை, குடிநீர், மின்சாரம் முதலியவற்றுக்கே செலவிட வேண்டும். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நினைப்பது அரிது என்போம். நிலத்திலிருந்து எடுத்ததில் இருபதில் ஒரு பங்கை அந்த நிலத்தாருக்கே திருப்பித் தருவதுதானே அது!

சம்பல்பூர்ப் பக்கத்து ஹிங்கிர்-ராம்பூர் நிலக்கரிக் கம்பெனி இத்தீர்வையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை. 1948-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இத்துறையை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது என்பது கம்பெனியின் வாதம். 1960 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மையோர் சார்பில் எழுதிய நீதிபதி கஜேந்திர கட்கர், இது பொதுச் செலவுக்கான வரியன்று, குறித்த பணிக்கு ஈடாகப் பெறும் கட்டணமே என்று முதலில் நிறுவினார். நீதிபதி வாஞ்சூ மட்டும், கனியின் மதிப்பின்மேல் போடுவதால் இது உண்மையில் உற்பத்தி வரியே என்று மாறுபட்டார்.

இனி, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இத்துறையை எடுத்துக்கொண்டதா என்ற கேள்வி. இதற்குக் கிடைத்த விடை, சட்டம் படித்தவர்களுக்கே புன்முறுவலை வருவிக்கும். அரசியல் சட்டம் 'பாராளுமன்றம்' அறிவிக்க வேண்டும் என்கிறது. 1948-இல் அறிவித்ததோ டொமினியன் சட்டசபை. அன்று பாராளுமன்றம் என ஒன்று பிறக்கவே இல்லை. ஆகவே அந்த அறிவிப்பு 54-ஆவது இனம் கேட்கும் அறிவிப்பு ஆகாது. மாநிலத்தின் சட்டம் செல்லும். ஒரு சொல்லின் பலத்தில் ஒரிஸ்ஸாவின் நிதி பிழைத்தது.

பிழைத்தது என்று எழுதும்போதே, அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது என்பதையும் கூறியாக வேண்டும். 1957-இல் பாராளுமன்றமே சுரங்கங்கள், கனிகள் பற்றிய புதிய சட்டத்தை இயற்றியது. அதன் இரண்டாம் பிரிவில், அரசியல் சட்டம் வேண்டும் அறிவிப்பு முறைப்படி இடம்பெற்றது. 1958 ஜூன் 1 முதல் அது அமலுக்கு வந்தது. ராயல்டி வீதத்தை மத்திய அரசே குறிக்கும்; அதை அடிக்கடி உயர்த்தலாகாது; முக்கியமான கனிகளுக்குக் குத்தகை கொடுக்குமுன் மாநிலம் டில்லியின் இசைவைப் பெற வேண்டும்; கனிகளைப் பேணி வளர்ப்பது மத்திய அரசின் கடமை. கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், மணல் போன்ற சிறு கனிகள் மட்டும் மாநிலத்தின் விதிக்கு விடப்பட்டன.

ஒரிஸ்ஸாவில் மாங்கனீசு வெட்டிவந்த எம். ஏ. டல்லக் கம்பெனி உடனே கேட்டது: இனி அந்தப் பழைய தீர்வை ஏன்? 1963 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விடை அளித்தது. தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ராஜகோபால ஐயங்கார். மத்தியச் சட்டத்தின்கீழ் சுரங்கப் பகுதிக்கென்று அரசு எதையும் இன்னும் செய்யவில்லையே என்று மாநிலம் வாதாடிப் பார்த்தது. செய்தார்களா இல்லையா என்பது கேள்வியன்று. முழுத் துறையையும் தன்னிடம் எடுத்துக்கொள்ளும் கருத்தோடு பாராளுமன்றம் சட்டம் செய்துவிட்டதாயின், மாநிலச் சட்டம் தானே விலகி நிற்க வேண்டியதுதான் என்றது நீதிமன்றம். வயலுக்கு வேலி போட்டாயிற்று. உள்ளே இன்னும் உழவில்லை என்று சொல்லி மற்றவர் ஏர் பூட்ட முடியாது. 1958 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த பாக்கியை மட்டும் ஒரிஸ்ஸா வசூலித்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

சட்டத்தின் போக்கில் இத்தீர்ப்பு பிழையுடையது என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அதன் விளைவைக் கிராமத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தோன்றுகிறது. மாநிலத்தின் நிதி ஒழிந்தது; அதற்கு ஈடாகச் சுரங்கப் பகுதிகளுக்கென்று ஒரு பொது நிதி மத்தியச் சட்டத்தில் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2015-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒன்று வேண்டும் என்றனர். பழைய குத்தகைக்காரர் ராயல்டியில் நூற்றுக்கு முப்பதும், ஏலத்தில் எடுத்தவர் பத்தும் அதற்குச் செலுத்த வேண்டும் என்று வீதம் குறித்தனர். பணம் செல்ல வேண்டிய இனங்களுள் குடிநீர், கல்வி, வைத்தியம் எல்லாம் உண்டு. ஒரிஸ்ஸா 1952-இல் கண்ட அதே கருத்துத்தான். இம்முறை டில்லியின் கையெழுத்தோடு வந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் அந்த மலைச்சரிவுகளில் ஒரு தலைமுறை பிறந்து, பள்ளிக்கூடம் காணாமலே முதுமையும் அடைந்துவிட்டது.

நிலக்கரியின் கதை இதைவிடக் கடுமையானது. 1957-இல் வந்த மற்றொரு சட்டம், நிலக்கரி உள்ள நிலங்களை மத்திய அரசே எடுத்துக்கொள்ள வழி செய்தது. மேற்கு வங்காளம் ஜமீன்தார்களிடமிருந்து 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்ற நிலங்களும் இதில் அகப்பட்டன. ஓர் அரசின் சொத்தை மற்றோர் அரசு எவ்வாறு எடுக்கலாம் என்று கேட்டு, மேற்கு வங்காளம் மத்திய அரசின்மீது நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1962 டிசம்பரில், ஆறு நீதிபதிகளில் ஐவர் மாநிலத்தின் வழக்கைத் தள்ளினர். இந்திய மாநிலங்கள் தனி இறைமை கொண்டு வந்து கூடிய நாடுகள் அல்ல. ஆகவே அவற்றின் சொத்து பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பது தலைமை நீதிபதி சின்ஹா எழுதிய தீர்ப்பின் சாரம். தனித்து நின்ற ஆறாமவர், முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக விளங்கிய கோகா சுப்பாராவ். தத்தம் எல்லைக்குள் மத்திய அரசும் மாநில அரசும் சமமானவையே. ஒன்றன் சொத்தை மற்றது அதன் இசைவின்றிப் பறிப்பது கூட்டாட்சிக்கு ஒவ்வாது என்று அவர் எழுதினார். தோற்ற கட்சியின் குரலாயினும், மாநில உரிமை பேசுவோர் இன்றும் அதனை எடுத்துக் காட்டுவதுண்டு.

இனி நம் சொந்த நாட்டுக்கு வருவோம். ஏனெனில் இக்கதையின் பெரிய திருப்பம் தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லில்தான் நேர்ந்தது. 1958-ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, நிலவரி ரூபாய் ஒன்றுக்கு 45 நயா பைசா வீதம் பஞ்சாயத்துக்கான மேல்வரி விதித்தது. 1964-இல் ஒரு திருத்தத்தால், நிலவரி என்பதில் சுரங்க ராயல்டியும் அடங்கும் என்று விளக்கம் சேர்த்தனர். ஆக, நூறு ரூபாய் ராயல்டி செலுத்துபவர் பஞ்சாயத்துக்கு நாற்பத்தைந்து ரூபாயும் செலுத்த வேண்டும். சித்தூர் மாவட்டத்து இரும்புத்தாதுக் குத்தகை பற்றிய வழக்கொன்றில், இத்தகைய மேல்வரி நிலத்தைச் சார்ந்த வரியே, மாநிலத்துக்கு உரியதே என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் கூறியும் இருந்தது. ஆயினும் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி விடவில்லை. ஏழு நீதிபதிகள் அமர்ந்த ஆயம் 1989 அக்டோபர் 25-இல், பழைய தீர்ப்பை மாற்றி, ராயல்டியின்மேல் போடும் மேல்வரி நிலவரி ஆகாது. அதைப் போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று முடிவு கூறிற்று. வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று மட்டும் ஆறுதல் அளித்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு சிறு வாக்கியம் இருந்தது: ராயல்டி என்பது ஒரு வரி. அவ்வளவே. ராயல்டி வரியாயின், அதன் வீதத்தை மத்தியச் சட்டம் குறித்துவிட்ட பிறகு மாநிலம் அதன்மேல் கை வைக்க இடமில்லை. இவ்வாக்கியத்தின் வேகத்தில் 1991-இல் ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் மேல்வரிகளும் சாய்ந்தன. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் இக்கட்டிலிருந்து அவற்றைக் காப்பாற்றப் பாராளுமன்றமே 1992-இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மாநிலத்தின் கையைக் கட்டிய மத்தியச் சட்டமே, பிறகு மாநிலத்தின் கஜானாவைக் காக்கவும் வந்தது!

பின்னர் 2004-இல் மேற்கு வங்கத்துக் கேசோராம் வழக்கு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர், 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அந்த வாக்கியம் எழுத்துப் பிழையாக விழுந்துவிட்டது என்றனர். 'ராயல்டியின் மேலான செஸ் ஒரு வரி' என்று இருக்க வேண்டியது, 'ராயல்டி ஒரு வரி' என்று அச்சாகிவிட்டதாம். அச்சுப் பிழையின் தொல்லை நம்மைப் போல ஆண்டு மலர் போடுகிறவர்களுக்கு நன்கு தெரியும். ஆனால் நம் பிழையால் மாநிலங்களின் வருமானம் ஆட்டம் காண்பதில்லை. ஏழு பேர் கூறியதை ஐந்து பேர் இவ்வாறு திருத்தலாமா என்னும் ஐயம் எழுந்தது. 2011-இல் இவ்விஷயம் ஒன்பது நீதிபதிகளின் ஆயத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கு அது பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தது.

அவ்வழக்கில் ஒரு கட்சி தன்பாத்தில் உள்ள கனிமப் பகுதி வளர்ச்சி அதிகார அமைப்பு; எதிர்க் கட்சி இந்திய உருக்கு ஆணையம். 2024 ஜூலை 25-ஆம் நாள் எண்மர் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாகத் தீர்ப்பு வெளியாயிற்று. தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரத்தைச் சுருக்கிச் சொல்வோம். ராயல்டி வரியன்று, நிலத்துக்குரியவரிடம் குத்தகை எடுத்தவர், கனியை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காக ஒப்பந்தப்படி கொடுக்கும் விலை அது. கனி உரிமைமேல் வரி விதிப்பது இரண்டாம் பட்டியலின் 50-ஆவது இனப்படி மாநிலத்தின் உரிமை. பாராளுமன்றம் விரும்பினால் அதற்குச் சட்டத்தின் மூலம் வரம்பு கட்டலாம். ஆனால் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வரம்பு எதுவும் இல்லை. கனியுள்ள நிலத்தை நிலம் என்ற முறையிலும் மாநிலம் வரிக்கு உட்படுத்தலாம். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் வேறு, வரி விதிக்கும் அதிகாரம் வேறு. முன்னது டில்லிக்குச் சென்றதனால் பின்னதும் உடன் சென்றுவிட்டது என்று கொள்ளலாகாது.

மாறுபட்ட ஒருவர் நீதிபதி நாகரத்தினா. ராயல்டியை வரியாகவே கொண்ட அவர், மாநிலங்கள் தாம் விரும்பியபடி வரி போடத் தொடங்கினால் கனியின் விலை இடத்துக்கு இடம் மாறும். மாநிலங்களுக்குள் நலமற்ற போட்டி மூளும். நாட்டின் கனி வளர்ச்சிக்கே ஊறு நேரும் என்று அஞ்சினார். (அதே ஆண்டு அக்டோபரில் தொழில்துறைச் சாராயத்தின் மேலான அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று மற்றோர் ஒன்பதின்மர் ஆயம் தீர்ப்பளித்தபோதும், எட்டுக்கு ஒன்றாகத் தனித்து நின்றவர் இவரே.) இவருடைய அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. எஃகு ஆலையிலும் சிமெண்டு ஆலையிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் நாம். தாதுவின் அடக்கவிலை ஏறினால், அது போனசிலும் புது ஆள் எடுப்பதிலும் வந்து தட்டும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆயினும் எடை போட்டுப் பார்க்குங்கால், பெரும்பான்மையோர் பக்கமே நியாயம் மிகுதி என்று நமக்குப் படுகிறது. வரி மிதமிஞ்சினால் தடுக்கும் அதிகாரம் பாராளுமன்றத்திடம் இருக்கவே இருக்கிறது. அரசியல் சட்டமே அதைக் கூறுகிறது. அதற்காக, தன் மண்ணிலிருந்து மலை மலையாகத் தாது வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாநிலம் கைகட்டி நிற்க வேண்டும் என்பது பொருந்தாது.

வரி ஒரு புறம் இருக்க, அன்றாட ஒழுங்கில் இரு அரசுகளும் எவ்வாறு கலந்து நிற்கின்றன என்பதை, ஓர் இரும்புச் சுரங்கத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்த்தால் தெரியும். நிலம் மாநிலத்துடையது; குத்தகைப் பத்திரத்தில் ஒப்பமிடுவது மாநிலம். 2015-க்குப்பின் அக்குத்தகையை மாநிலம் ஏலத்தில்தான் விட வேண்டும். ஏல விதியோ மத்திய அரசுடையது. எப்படித் தோண்டுவது என்னும் திட்டத்தை நாகபுரியில் தலைமையிடம் கொண்ட இந்தியச் சுரங்கத் துறை பார்வையிடும். சுரங்கத்தில் இறங்குவோரின் பாதுகாப்பு, முதற் பட்டியலின் 55-ஆவது இனப்படி முழுதும் மத்திய அரசைச் சேர்ந்தது. அதன் தலைமை அலுவலகம் தன்பாத்தில் உள்ளது. சுரங்கம் காட்டில் இருந்தால் மேலும் ஒரு படி உண்டு. காடு முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் கல்வியோடு சேர்த்து அதையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றிற்று. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின், காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு விடுவதற்கு மத்திய அரசின் முன் இசைவு வேண்டும். இத்தனையும் முடிந்து தாது வெளியே வந்ததும், அதைத் தூக்கிச் செல்லும் ரயில் மத்திய அரசுடையது. லாரி போகும் பாதை பெரும்பாலும் மாநிலத்துடையது. அப்பாதையில் எழும் செந்தூசியோ கிராமத்தாருடையது.

2024-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப்பின் எழுந்த கேள்வி, பழைய பாக்கி என்னவாகும் என்பது. தீர்ப்பு இனி வரும் காலத்துக்கு மட்டும் பொருந்த வேண்டும் என்று மத்திய அரசும் கம்பெனிகளும் கேட்டன. ஆகஸ்ட் 14-ஆம் நாள் நீதிமன்றம் அதை மறுத்தது. ஆனால் 2005 ஏப்ரல் 1-க்கு முற்பட்ட நடவடிக்கைகளுக்கு மாநிலங்கள் வரி கேட்கலாகாது. பாக்கியை 2026 ஏப்ரல் 1 முதல் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில் வாங்க வேண்டும். 2024 ஜூலை 25-க்கு முன் எழுந்த கோரிக்கைகளுக்கு வட்டியும் அபராதமும் கூடாது என்று வரம்பு கட்டிற்று. ஜார்க்கண்டு அந்த ஆண்டிலேயே கனி நில மேல்வரிச் சட்டம் இயற்றிற்று. பஞ்சாயத்துக்கான நாற்பத்தைந்து நயா பைசாவை 1989-இல் இழந்த தமிழ்நாடும் 2024-இல் கனிம நில வரிச் சட்டம் ஒன்றை இயற்றி, 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. நீதிமன்றம் குறித்த கணக்கின்படி பழைய பாக்கியின் கடைசித் தவணை தீரும்போது 2038-ஆம் ஆண்டு ஆகிவிடும்.